தரவாய்வு அறிக்கைக்கு ஒரு தமிழ் வார்ப்புரு: மும்பைப் பகுதித் தாய்மொழிக் கணக்கை முன்வைத்து

1. முன்னுரை

மும்பைப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் எத்தனை பேர் என்னும் வினா எளியதாகத் தோன்றும். ஆயின் இதற்கு விடை காண முற்படும் ஆய்வாளர் முதலில் வேறு மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டியவராகிறார். மும்பைப் பகுதி என்பது எது? தமிழ் என்னும் தலைப்பில் எவையெவை அடங்கும்? விழுக்காடு காண்பதற்கு மொத்த மக்கள்தொகையாகக் கொள்ளப்படும் எண் எது? இவற்றுக்கு அவர் கண்ட விடைகள் பெரும்பாலும் அவருடைய குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகின்றன. அச்சேறுவது இறுதி எண் மட்டுமே. பத்தாண்டு கழித்து மற்றோர் ஆய்வாளர் அதே அட்டவணைகளைக் கொண்டு அதே எண்ணைப் பெற முயலும்போது அது கைகூடாமற் போவதற்கு இதுவே முதற்காரணம்.

இக்கட்டுரை, மீளச் செய்யத்தக்க தரவாய்வு அறிக்கைக்குரிய வார்ப்புரு ஒன்றைத் தமிழில் அமைக்கும் முறையை விளக்குகிறது. வார்ப்புரு என்றவுடன் பக்க ஓரம், எழுத்தின் அளவு, தலைப்பின் தடிப்பு ஆகியவையே நினைவுக்கு வரும். அவையும் வார்ப்புருவின் பகுதிகளே. எனினும் ஆய்வாளர் எடுத்த முடிவுகளுக்கு அறிக்கையில் மாறாத ஓர் இடத்தை ஒதுக்குவதே அதன் முதற்பணி என்பதும், தமிழின் எழுத்தியல்பையும் புணர்ச்சியையும் கணக்கிற்கொள்ளாத வார்ப்புரு தமிழ் அறிக்கைக்கு உதவாது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படும்.

2. கருத்தும் வரலாறும்

தரவு, அதைக் கணக்கிடும் நிரல், முடிவை விளக்கும் உரை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, ஒரே கட்டளையால் மீண்டும் அறிக்கையாக உருப்பெறுமாயின் அதனை மீளச் செய்யத்தக்க அறிக்கை எனலாம். இதில் எந்த எண்ணும் கையால் தட்டச்சு செய்யப்படுவதில்லை. உரையின் நடுவே வரும் விழுக்காடும் நிரலிலிருந்தே வந்து அமர்கிறது. தரவில் ஒரு வரி திருத்தப்பட்டால் அட்டவணை, வரைபடம், உரை ஆகிய மூன்றிலும் எண்கள் ஒருசேர மாறுகின்றன.

இக்கருத்தின் வேர் டொனால்ட் குனூத் 1984இல் எழுதிய, நிரலையும் விளக்கத்தையும் ஒரே ஆவணமாக எழுதும் முறை பற்றிய கட்டுரையில் உள்ளது. ஸ்டான்ஃபோர்டில் புவி இயற்பியலாளர் ஜான் கிளேர்பௌட் 1990களின் தொடக்கத்தில், ஆய்வுக் கட்டுரையின் ஒவ்வொரு படத்தையும் பிறர் மீண்டும் உருவாக்க இயல வேண்டும் என வலியுறுத்தினார். ஆர் என்னும் புள்ளியியல் மொழியையும் லாட்டெக் என்னும் அச்சமைப்பு முறையையும் இணைத்து ஃபிரெட்ரிக் லைஷ் 2002இல் ஸ்வீவ் என்னும் கருவியை வெளியிட்டார். 2012இல் யீஹுய் ஷியே உருவாக்கிய நிட்டரும், 2022இல் அறிமுகமான குவார்டோவும் அவ்வழியில் வந்தவை. இவற்றில் வார்ப்புரு என்பது உள்ளடக்கத்தினின்று பிரித்து வைக்கப்பட்ட வடிவக் கோப்பாகும். ஒரு நிறுவனத்தின் அறிக்கைகள் அனைத்தும் ஒரே வார்ப்புருவைப் பயன்கொள்ளலாம்.

3. எடுத்துக்காட்டு: சான்பாடாவிலிருந்து தொடங்கும் கணக்கு

3.1 இடம்

தமிழர் குடியிருப்புகளாக மும்பையில் நன்கறியப்பட்டவை தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகியவை. 1970இல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டு நவி மும்பை வளர்ந்த பின்னர், வாஷி, சான்பாடா, நேரூல் முதலிய பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. பேச்சுவழக்கில் இவர்கள் அனைவரும் மும்பைத் தமிழர் என்றே குறிக்கப்பெறுகின்றனர். ஆனால் மாவட்ட அளவிலான கணக்கெடுப்பு அட்டவணையில் இவர்கள் மூன்று வெவ்வேறு வரிகளில் அமைகின்றனர். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்தைச் சேர்ந்தவை. செம்பூர் மும்பைப் புறநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சான்பாடா தாணே மாவட்டத்தைச் சேர்ந்தது.

எனவே 'மும்பை' என்று பெயர்கொண்ட இரு மாவட்டங்களை மட்டும் கூட்டும் ஆய்வாளர் சான்பாடாவை விட்டுவிடுகிறார். தாணே மாவட்டத்தையும் சேர்ப்பவர் வேறொரு சிக்கலுக்கு உள்ளாகிறார். 2011இல் 1,10,60,148 மக்களைக் கொண்டிருந்த அம்மாவட்டம் ஜவ்ஹார், மோகாடா போன்ற பழங்குடிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்தது. 2014 ஆகஸ்டு 1 அன்று பால்கர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது அப்பகுதிகள் அதனுடன் சென்றன. ஆகவே 2011ஆம் ஆண்டின் 'தாணே'யும் இன்றைய 'தாணே'யும் பெயரால் ஒன்றாயினும் பரப்பால் ஒன்றல்ல.

3.2 மொழி

கணக்கெடுப்பில் மக்கள் கூறும் தாய்மொழிப் பெயர்கள் அப்படியே வெளியிடப்படுவதில்லை. 2011இல் பதிவான 19,569 பெயர்கள் ஆராய்ந்து தொகுக்கப்பட்டு 1,369 தாய்மொழிகளாக்கப்பட்டன. அவற்றுள் நாடு முழுவதும் 10,000 பேருக்குக் குறையாமல் பேசுவன 270. அவை 121 மொழிகளின்கீழ் அடக்கப்பட்டன. இத்தொகுப்பில் 'தமிழ்' என்னும் மொழித் தலைப்பின்கீழ்த் தமிழ் என்ற தாய்மொழியுடன் கைகாடி, எருகலா முதலியனவும் இடம்பெறுகின்றன. கைகாடி மகாராட்டிரத்தில் பேசப்படுவது. எனவே மகாராட்டிர மாவட்டங்களுக்கு மொழித் தலைப்பின் எண்ணை எடுப்பதும் தாய்மொழி வரியின் எண்ணை எடுப்பதும் ஒன்றாகா. எதனை எடுத்தார் என்பதை ஆய்வாளர் கூறியாக வேண்டும்.

3.3 மொத்தம்

மூன்றாம் வினாவின் விளைவு நாடு முழுமைக்குமான எண்களில் தெளிவாகப் புலப்படுகிறது. வெளியிடப்பட்ட மொழி அட்டவணைகளின்படி நிலை பின்வருமாறு:

1991: தமிழ் 5,30,06,368, மொத்தம் 83,85,83,988, விழுக்காடு 6.32
2001: தமிழ் 6,07,93,814, மொத்தம் 1,02,86,10,328, விழுக்காடு 5.91
2011: தமிழ் 6,90,26,881, மொத்தம் 1,21,08,54,977, விழுக்காடு 5.70

1991இல் சம்மு காசுமீரத்தில் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. மேலே காணும் 1991ஆம் ஆண்டு மொத்தத்தில் அம்மாநிலம் இல்லை. மதிப்பிடப்பட்ட அதன் மக்கள்தொகையையும் சேர்த்து 84,64,21,039 என்னும் மொத்தத்தைப் பயன்படுத்தினால் தமிழின் விழுக்காடு 6.26 ஆகிறது. 1991க்கும் 2001க்கும் இடையில் ஏற்பட்ட வீழ்ச்சி ஒரு கணக்கில் 0.41 புள்ளி, மற்றொன்றில் 0.35 புள்ளி. இரண்டும் பிழையற்ற கணக்குகளே. வேறுபாடு வகுக்கும் எண்ணில் மட்டும் உள்ளது. இருவர் இருவேறு எண்களைக் கூறும்போது யார் தவறினார் என்று தேடுவது வீண். எந்த மொத்தத்தைக் கொண்டனர் என்பதைக் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு அறிக்கையே விடை தருமாறு செய்வது வார்ப்புருவின் கடமை.

இத்தகைய எண்கள் ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. அரசியலமைப்பின் 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வழிசெய்கிறது. பள்ளியில் 40 மாணவர் அல்லது வகுப்பில் 10 மாணவர் என்னும் அளவு 1949ஆம் ஆண்டுக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டின் தீர்மானத்தில் வகுக்கப்பட்டது. ஒரு மாவட்டத்திலோ நகராட்சியிலோ சிறுபான்மை மொழியினர் 15 முதல் 20 விழுக்காடு வரை இருப்பின் அரசு அறிவிப்புகளை அம்மொழியிலும் வெளியிட வேண்டும் என்னும் நெறி 1956ஆம் ஆண்டுக் குறிப்பாணையில் இடம்பெற்றது. எந்த எல்லைக்குள் எண்ணுகிறோம், எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு பள்ளியின் கோரிக்கையும் ஒரு மொழிபெயர்ப்பின் தேவையும் நிற்கவோ விழவோ செய்யும்.

4. வார்ப்புருவின் உறுப்புகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டின் அடிப்படையில் வார்ப்புருவை ஐந்து உறுப்புகளாக அமைக்கலாம்.

(அ) தலைப்பகுதி: அறிக்கையின் தலைப்பு, தரவின் ஆண்டு, அட்டவணையின் பெயர் (இங்குச் சி-16 தாய்மொழி அட்டவணை), தரவு பெறப்பட்ட நாள், அறிக்கை உருவாக்கப்பட்ட நாள் ஆகியவை. கடைசி இரண்டும் வேறுவேறானவை. அவற்றை ஒன்றாகக் கருதுதல் கூடாது.

(ஆ) மூலத்தரவு: பெறப்பட்ட கோப்பு கைபடாமல் தனிக் கோப்புறையில் இருத்தல் வேண்டும். திருத்தம் தேவைப்படின் அதனை நிரலால் செய்து காரணத்தையும் எழுத வேண்டும். கள ஆய்வுத் தரவாயின் தகவலாளர் பெயர்கள் இக்கோப்புறைக்கு வருமுன்னரே குறியீடுகளாக மாற்றப்பட வேண்டும்.

(இ) வரையறைப் பகுதி: இடம், மொழி, மொத்தம் ஆகிய மூன்று முடிவுகளும் இங்கு எழுதப்படும். இப்பகுதி நிரப்பப்படாவிடில் அறிக்கை உருவாகாதவாறு வார்ப்புருவை அமைப்பது நன்று. மறதிக்கு இடம் தராமையே இதன் பயன்.

(ஈ) நிரலும் உரையும்: கணக்கீட்டு நிரல் உரையினிடையே உரிய இடத்தில் நிற்கும். அச்சுப்படியில் நிரல் மறைக்கப்படலாம். மூலக்கோப்பில் இருத்தல் வேண்டும்.

(உ) சூழல் பதிவு: பயன்படுத்திய மென்பொருள்களின் பதிப்பு எண்கள் அறிக்கையின் இறுதியில் தாமாகவே அச்சாக வேண்டும். இது வெறும் சடங்கன்று. ஆர் மொழியின் 3.6.0 பதிப்பில் (2019) சமவாய்ப்பு மாதிரி எடுக்கும் முறை மாற்றப்பட்டது. ஒரு தரவகத்திலிருந்து 200 வாக்கியங்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்த ஆய்வாளர், அதே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் அப்பதிப்பிற்கு முன்னும் பின்னும் வெவ்வேறு வாக்கியங்களையே பெறுவார். 4.0.0 பதிப்பில் (2020) சொற்களைக் கொண்ட நிரல்களைப் படித்துக்கொள்ளும் முறையும் மாறியது.

5. தமிழ் எழுத்தும் வார்ப்புருவும்

5.1 குறியேற்றம்

1990களில் உருவான தமிழ்த் தரவுகள் பலவும் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும் குறியேற்றங்களில் உள்ளன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தாப், தாம் ஆகிய குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது. பழைய கோப்பிலிருந்து தொடங்கும் ஆய்வில், எந்தக் குறியேற்றத்திலிருந்து எந்த மாற்றியால் மாற்றப்பட்டது என்பது வரையறைப் பகுதியில் இடம்பெற வேண்டும்.

ஒருங்குறிக்குள்ளும் சிக்கல் உண்டு. 'மொழி' என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலும் ஆகிய இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் நான்கு குறிகளும் பின்னதில் ஐந்து குறிகளும் உள்ளன. இயல்பாக்கம் செய்யப்படாத தரவில் எண்ணும் நிரல் இவற்றை இரு சொற்களாகக் கணக்கிடும். தமிழ் மரபுப்படி இச்சொல்லின் எழுத்துகள் இரண்டே என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது; எழுத்து எண்ணிக்கையைக் கூறும் அறிக்கை எந்த அலகை எண்ணிற்று எனக் கூற வேண்டும். 'ஔவை' என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்யும் வழக்கம் வேறுவகைப் பிழையாகும். இதனை இயல்பாக்கம் நீக்காது. தனி விதி எழுதியே நீக்க வேண்டும்.

5.2 அகரவரிசை

ஒருங்குறியின் குறிவரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் நிற்கின்றன. அகராதி வரிசை வேறு. ஏழு சொற்களைக் கொண்டு இதனைக் காணலாம்:

குறிவரிசை: மனை, மயில், மரம், மறை, மலை, மளிகை, மழை
அகராதி வரிசை: மயில், மரம், மலை, மழை, மளிகை, மறை, மனை

கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து ஒரே நிரல் இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றைத் தரக்கூடும். சொற்பட்டியலை முதன்மையாகக் கொண்ட அறிக்கையில் இதனால் பக்க எண்கள் முதல் அட்டவணை வரிகள் வரை அனைத்தும் மாறிவிடும். ஆகவே வரிசைமுறையைக் கணினியின் விருப்பத்திற்கு விடாமல் வார்ப்புருவிலேயே குறித்துவிட வேண்டும்.

5.3 எண்

மென்பொருள்கள் இயல்பாகவே மூன்றிலக்கத்திற்கு ஒரு காற்புள்ளி இடுகின்றன. தமிழ் வாசகருக்குப் பழக்கமான 6,90,26,881 என்னும் இலட்சம், கோடி முறை வேண்டுமாயின் எண்களை அமைக்கும் சிறு நிரலொன்றை வார்ப்புருவில் சேர்த்தல் வேண்டும். எண்களைக் கையால் திருத்துவது மீளச் செய்தல் என்னும் நோக்கையே சிதைத்துவிடும்.

6. புணர்ச்சியும் நிரப்பிடங்களும்

வார்ப்புருவின் உரையில் இடப்பெயர், மொழிப்பெயர், எண் ஆகியவை வந்து அமர்வதற்கு நிரப்பிடங்கள் விடப்படுகின்றன. ஆங்கிலத்தில் இடப்பெயருக்கு முன் ஒரு முன்னிடைச்சொல்லை எழுதிவிட்டால் எப்பெயரும் அங்குப் பொருந்தும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் ஈற்றோடு புணர்வதால் இது இயலாது. மேலே கண்ட பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம்:

தாராவி: தாராவியில், தாராவிக்கு
மாட்டுங்கா: மாட்டுங்காவில், மாட்டுங்காவுக்கு
செம்பூர்: செம்பூரில், செம்பூருக்கு
சான்பாடா: சான்பாடாவில், சான்பாடாவுக்கு
தாணே மாவட்டம்: தாணே மாவட்டத்தில், தாணே மாவட்டத்துக்கு

பெயருக்குப் பின் 'இல்' என்பதை ஒட்டும் வார்ப்புரு 'சான்பாடாஇல்' என்று அச்சிடும். உடம்படுமெய் விதியை நிரலாக எழுதுவது அரிதன்று. இகர, ஈகார, ஐகார ஈறுகளுக்கு யகரமும், ஏகாரம் ஒழிந்த ஏனைய உயிர்களுக்கு வகரமும், ஏகாரத்துக்கு இரண்டும் என்பது நன்னூல் அறிந்தார் அனைவரும் அறிந்ததே. மகர ஈற்றுப் பெயர்களுக்கு அத்துச் சாரியை வரும். ஆனால் பிறமொழிப் பெயர்களில் விதியும் வழக்கும் முரண்படுவதுண்டு. 'முலுண்டு' என்பது 'முலுண்டில்' எனக் குற்றியலுகரம் கெட்டுப் புணர்கிறது. 'உருது' என்பதும் அவ்வாறே கெட வேண்டும் எனினும் வழக்கில் 'உருதுவில்' என்பதே பயில்கிறது. எனவே சில பத்துப் பெயர்களே வரும் அறிக்கைக்கு விதியைவிடப் பட்டியலே நம்பத்தக்கது. ஒவ்வொரு பெயருக்கும் வேண்டிய வேற்றுமை வடிவங்களை ஒரு சிறு அட்டவணையில் எழுதி, நிரப்பிடம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு செய்யலாம்.

நிரப்பிடத்திற்கு முன் நிற்கும் சொல்லும் மாறக்கூடும். 'தாய்மொழியாக' என்பதன் பின் மொழிப்பெயர் வந்து அமரும் தொடரில் 'தாய்மொழியாகத் தமிழ்', 'தாய்மொழியாகத் தெலுங்கு', 'தாய்மொழியாகக் கன்னடம்', 'தாய்மொழியாக மராத்தி' என வல்லினம் ஓரிடத்தில் மிக்கும் ஓரிடத்தில் மிகாமலும் வரும். மிகும் ஒற்றை வார்ப்புருவில் நிலையாக எழுதிவிட்டால் 'தாய்மொழியாகத் மராத்தி' என்னும் பிழை அச்சேறும்.

இதற்கு மூன்றாவது வழியும் உண்டு. அது தொடரையே மாற்றி எழுதுவது. 'மாவட்டம்: தாணே, தாய்மொழி: தமிழ்' என எழுவாய் வடிவில் பெயர் நிற்குமாறு அமைத்தால் புணர்ச்சிச் சிக்கல் எழாது. அட்டவணைத் தலைப்புகளுக்கு இதுவே ஏற்றது. ஆயின் விளக்க உரை முழுவதையும் இவ்வாறு எழுதினால் அது படிவமாகிவிடுமேயன்றி உரைநடையாகாது. தலைப்புக்கு எழுவாய் வடிவம், உரைக்கு வேற்றுமைப் பட்டியல் என்னும் பகுப்பு நடைமுறைக்கு உகந்தது. மொழிபெயர்ப்பாளர் ஆங்கில வார்ப்புரு ஒன்றைத் தமிழாக்கும்போது முதலில் நோக்க வேண்டியவை இந்நிரப்பிடங்களே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எண் கூடினால் 'உயர்ந்தது' என்றும் குறைந்தால் 'வீழ்ந்தது' என்றும் நிரலே எழுதுமாறு செய்வது எளிது. 3.3இல் கண்டவாறு, அவ்வீழ்ச்சியின் ஒரு பகுதி வகுக்கும் எண்ணின் விளைவாக இருக்கலாம். எண்ணை வார்ப்புரு நிரப்பலாம். அதன் பொருளை ஆய்வாளரே எழுத வேண்டும்.

7. பக்க அமைப்பு

அச்சுப்படிக்கு லாட்டெக் வழியைக் கொள்வோர் ஒருங்குறியைக் கையாளும் சீடெக் போன்ற பொறியைத் தேர்தல் வேண்டும். எழுத்துருவின் பெயருடன் எழுத்துமுறை தமிழ் என்பதையும் வார்ப்புருவில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிடில் எகர, ஏகாரக் கொம்புகள் மெய்யின் பின்னே இடம்மாறி விழக்கூடும். வேர்டு கோப்பாகப் பெற விரும்புவோர், தலைப்பு, உரை, அட்டவணை ஆகியவற்றின் பாணிகள் அமைந்த மாதிரி ஆவணம் ஒன்றை உருவாக்கி அதனை வார்ப்புருவாகச் சுட்டினால் போதும்.

தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலையால் நீள்வன. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையே வெற்றிடம் மிகும். அசையெல்லையில் சொல்லைப் பிரிக்கும் தமிழ் விதிக் கோப்பை இணைப்பதால் இது குறையும். புள்ளி பெற்ற மெய் வரியின் முதலில் வாராமல் காக்கவும் அது உதவும். அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புகளை இரு வரிகளில் அமைக்கவும், அடுத்த பக்கத்திற்குத் தொடரும் அட்டவணையில் தலைப்பு மீண்டும் வரவும் வகைசெய்ய வேண்டும். ஒவ்வோர் அட்டவணையின் அடியிலும் ஆண்டு, எல்லை, மொத்தம் ஆகியவற்றைக் கூறும் ஒரு வரி தானாகவே அச்சாதல் இன்றியமையாதது. அட்டவணையை மட்டும் படியெடுத்துச் செல்வோரிடமும் அவ்வரி உடன் செல்லும்.

வார்ப்புரு நிறைவுற்றதா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. மூலக்கோப்புறையை அவ்வாய்வில் தொடர்பில்லாத ஒருவரின் கணினியில் வைத்து, ஒரே கட்டளையால் அறிக்கையை உருவாக்கச் செய்தல் வேண்டும். அவர் ஏதேனும் கேட்க நேர்ந்தால், அக்கேள்விக்குரிய விடை வார்ப்புருவில் விடுபட்டுள்ளது என்பது பொருள்.

8. முடிவுரை

இந்தியாவில் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. நாட்டின் பெரும்பகுதிக்கு அதன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 2011ஆம் ஆண்டு மொழித்தரவு 2018இல்தான் வெளிவந்தது என்பதை எண்ணினால், புதிய அட்டவணைகளுக்கு ஆயத்தம் செய்யக் காலம் உள்ளது. அவை வரும்போது, பால்கர் பிரிந்த பின்னுள்ள தாணேயைப் பழைய தாணேயோடு ஒப்பிட நேரும். 2011ஆம் ஆண்டுக் கணக்கின் எல்லையும் தொகுப்பும் மொத்தமும் பதிவாகியிருந்தால், புதிய எண்ணை இட்டு அறிக்கையை மீண்டும் உருவாக்குவது ஒரு நாள் வேலை. இல்லையெனில் பழைய கணக்கையே முதலிலிருந்து செய்ய வேண்டும்.

சான்பாடாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் மும்பையில் எண்ணப்பட்டதா, தாணேயில் எண்ணப்பட்டதா, இரண்டிலும் விடுபட்டதா என்பதை ஆய்வறிக்கையைக் கையிலெடுக்கும் எவரும் ஆய்வாளரைக் கேளாமலே அறிய இயல வேண்டும். வார்ப்புருவின் வரையறைப் பகுதியில் எழுதப்படும் மூன்று வரிகள் அதற்குப் போதுமானவை.